ஆதாரத்தோடு கற்ற மாப்பிள்ளை

பணி ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு மகத்தான முடிவெடுத்தேன். இனி சாகும்வரை நான் மாணவன்!

கல்வி மேல் காதல் என்று யாரும் கண்கலங்க வேண்டாம். என் மாமனார் திருமலைச்சாமிக்குப் பூம்பாறையில் பூண்டுத் தோட்டம். வேலையில் இருந்தவரை ‘லீவு கிடையாது’ என்று தப்பித்தேன். இப்போது ஆயுள் முழுக்க லீவு. பூண்டு பிடுங்கும் நாளோ நெருங்குகிறது. படிக்கிற பிள்ளையை யாராவது தோட்டத்துக்கு இழுப்பார்களா?

இணையத்தில் ‘வாழ்நாள் கற்றல்’ வகுப்பில் சேர்ந்தேன். பரீட்சை கிடையாது, மின்தொகுப்புதான். அதாவது, நமக்கென்று ஒரு பக்கம் தருவார்கள். கற்றதையெல்லாம் போட்டோ ஆதாரத்தோடு அதில் ஏற்ற வேண்டும். கீழே ‘என் சிந்தனை’ என்று நாலு வரி எழுதினால் ஒரு பதக்கம் வரும், திரையில்.

அடுப்படியில் இருந்த மனைவியிடம் போனேன்.

“கண்மணி, ஒரு போட்டோ எடு.”

“எதுக்குங்க?”

“நான் சமையல் கத்துக்கிட்டதுக்கு ஆதாரம்.”

“எப்பங்க கத்துக்கிட்டீங்க?”

“இப்பத்தான். கரண்டியக் குடு.”

கொடுத்தாள். எடுத்தாள். கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ‘வெங்காயத்தை உரிக்கையில் என்னையே உரித்துப் பார்த்தேன்’ என்று சிந்தனை எழுதினேன். பதக்கம்! அடுத்து வாளியோடு ஒரு போட்டோ: துணி துவைத்தல். துடைப்பத்தோடு ஒன்று: இல்லப் பராமரிப்பு. எங்கள் முன்னோர் கற்றது கைம்மண் அளவு என்று அடக்கமாகச் சொன்னார்கள். பாவம், அவர்களுக்குப் போட்டோ எடுக்க ஆளில்லை.

கடைவீதியில் கம்பளிக்கடை ஒலியுல்லா மறித்தார்.

“அண்ணே, நீங்க நல்லாருப்பீங்களா? உங்க பக்கத்தக் காட்டி என் சம்சாரம் என்னைய வீடு கூட்டச் சொல்லுது!”

“அது உங்க வீட்டுக்கு எப்படி பாய் வந்துச்சு?”

“உங்க வீட்லதான் அனுப்பிச்சாங்க. பூம்பாறை சனம் பூராவும் பாத்துருச்சாம்ல.”

புருஷன் பெருமையை ஊருக்குச் சொல்லும் மனைவி! நெஞ்சு விம்மியது. மூளை விழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கண்மணியே காபியோடு வந்தாள்.

“முழுச் சான்றிதழுக்கு ஒண்ணுதான் பாக்கி கெடக்குங்க. விவசாயம்.”

“அய்யோ, அது வேணாம்.”

“நெசமாவா புடுங்கச் சொல்றேன்? கடையில தாளோட பூண்டு வாங்கியாந்து கொல்லையில நட்டு வச்சிருக்கேன். புடிச்சு இழுங்க, சோலி முடிஞ்சுச்சு.”

இழுத்தேன். முழங்காலில் அவளே மண் பூசிவிட்டாள். “நெத்தியிலயும் கொஞ்சம். அப்பத்தான் நம்புவாங்க.”

நம்பினார்கள். ‘முழுமை பெற்ற கற்பவர்’ என்று தங்க நிறத்தில் சான்றிதழ் வந்தது. அதை அச்செடுத்து, ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். எட்டாம் நாள் விடியுமுன்னே கண்மணி உலுக்கினாள்.

“எந்திரிங்க. வெள்ளனே கெளம்பணும், பஸ்சு போயிரும்.”

“எங்கடி?”

“பூம்பாறைக்கு. அப்பா கூலி ஆளுகளையே வேணாம்னுட்டாரு. மாப்பிள்ளைதான் பூண்டுக்கு மொறையாப் படிச்சிருக்காரே!”

“நான் இன்னும் படிச்சுக்கிட்டில்ல இருக்கேன்!”

“படிப்புதான் முடிஞ்சுபோச்சே. சான்றிதழே வந்துருச்சே.”

“அது பொய்ப் போட்டோன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிரு.”

“நீங்களே சொல்லுங்க. அவரு அதைப் பிரேம் போட்டு வாசல்ல மாட்டியிருக்காரு. ஊரே பாத்துட்டுப் போகுதாம்.”

பஸ் ஏறிப் போனேன். மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிறது தோட்டம். இடுப்பு மட்டும் எந்தப் படியிலும் நிமிரவில்லை. குளிரிலும் வேர்த்தது. பூண்டு வாடையில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கண்மணியோ வரப்பில் நாற்காலி போட்டு, என் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

“நீ ஒரு கை குடுத்தா என்ன?”

“எனக்கு எங்கங்க நேரம்? நானும் உங்க வகுப்புல சேந்துட்டேன்ல.”

“என்ன படிக்கிற?”

“ஆளுகள வச்சு வேலை வாங்குறது. அப்படியே குனிஞ்சு நில்லுங்க, ஆதாரம் வேணும். கஷ்டப்படுற மாதிரி மூஞ்சிய வச்சுக்கங்க.”

இந்த ஒரு போட்டோவுக்குத்தான் நான் நடிக்கவே இல்லை.