பேய்ப்படக்காரர் வீட்டு அடக்கம்

டென்ஹாம்,
நவம்பர் 1974

அன்புள்ள ஈடித்துக்கு, அத்தான் லெனார்ட் எழுதிக்கொண்டது. பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் வெயிலோடு சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை மட்டும் சுகம்.

உன் அக்கா மியூரியலின் அடக்கத்துக்கு அத்தனை தூரத்திலிருந்து உன்னால் வர முடியவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக நான் எடுத்ததெல்லாம் பேய்ப்படம். சினிமாக் கம்பெனி படுத்த பிறகு தொலைக்காட்சியிலும் அதே பேய்தான், செட் மட்டும் சின்னது. ஒன்றைக்கூட மியூரியல் முழுதாகப் பார்த்ததில்லை. முதல் கதவு கிறீச்சிட்டதுமே என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போயிடுச்சா, லென்?" என்பாள்.

அடக்கத்தன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி. இப்படி ஒரு பனி கேட்டு ஸ்டுடியோவில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! பெட்டி தூக்க வந்தவர்களில் கில்பர்ட் த்ரேலும் ஒருவன், என் படங்களில் ரத்தக்காட்டேரியாக வந்து வந்து செத்தவன், பாவம், நல்ல கோட்டு இல்லையென்று அந்தக் கறுப்பு அங்கியையே போட்டுக்கொண்டு வந்துவிட்டான், அவனைக் கண்டதும் ஆர்கன் வாசிக்கிற அம்மாளுக்குச் சுருதி தப்பியது, பாதிரியாரோ என்னைத் தனியே இழுத்து, "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் பார்ஜிட்டர், சும்மா கேக்குறேன், ஷூட்டிங் ஏதும் இல்லியே?" என்றார். குழியருகே ஈரப்புல்லில் கில்பர்ட்டுக்குக் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்தது. உள்ளே 'தொம்' என்று ஒரு சத்தம்.

ஊரே பின்வாங்கியது. "ஐயோ, எந்திரிக்கிறாங்க!" என்று கசாப்புக்கடை ஹோரஸ் கத்தியே விட்டான். நான் மட்டும் முன்னால் ஓடினேன், ஈடித். மூடியில் காதை வைத்து, "மியூரியல்?" என்றேன். படத்துக்காக எத்தனையோ பெட்டிகளைத் திறக்கவைத்தவன். ஒன்றாவது நிஜமாகத் திறக்காதா என்று அன்றைக்குத்தான் ஏங்கினேன். கில்பர்ட் சேற்றில் மண்டியிட்டு என் தோளைப் பிடித்தான். "வாங்க லென். அவங்க போயிட்டாங்க" என்றான்.

செத்தவர்களைக் கண்டால் ஓடுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இனி அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டேன், ராஜினாமாவும் அனுப்பியாயிற்று. ரோஜா வளர்க்கப்போகிறேன். இது உறுதி.

உன் வீட்டார் எல்லோரையும் ஆண்டவர் குறைவில்லாமல் காக்கட்டும்.

உன் அத்தான்,
லெனார்ட் பார்ஜிட்டர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். பேய் நாடகமாம். முடியாது என்றேன். "கதையையாவது கேளுங்க சார்" என்றாள். இறந்த மனைவி ஒருநாள் வீட்டுக்கு வருகிறாள். புருஷன் நாற்காலியை இழுத்துப்போட்டு டீ ஊற்றிக்கொடுக்கிறான். "இதுல பயம் எங்கம்மா இருக்கு?" என்றேன். "விடிஞ்சதும் அவங்க திரும்பிப் போகணும் சார்" என்றாள்.

திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன்.