மரியாதை வாக்கியம் மீட்ட படலம்

கோப்பெனும் குன்றேறி நின்ற கோளரியே! இரண்டாம் செயலாளர் என்னும் திருப்பட்டம் தாங்கிய திண்தோளனே! அயல்மண்ணில் தாய்நாட்டின் மானத்தைக் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை, இடையில் உணவுக்கான ஒன்றரை மணி நேரம் நீங்கலாக, இமைகொட்டாமல் காத்து நின்ற ஏந்தலே, நீ வாழ்க! உன் முத்திரை வாழ்க! அம்முத்திரைக்கு மை ஊட்டும் ஊதாநிறப் பஞ்சுப்பெட்டியும் வாழ்க! கடல்கடந்த தூதரகத்தின் இரண்டாம் மாடியில், ஏசி ஊளையிடும் அறையில், நீ ஐந்து நாள் ஆடிய பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். சொல்லி முடிக்கும் வரை எமக்கு வெட்கம் வராதிருக்க அந்தப் பஞ்சுப்பெட்டியே அருள்க.

போர் மூண்ட விதம் கேளீர். திங்கட்கிழமை முற்பகல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் ஒன்று வந்திறங்கியது. அதில் இருந்த செய்தி இவ்வளவுதான்: கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டதால் தங்கும் அனுமதி காலாவதியாகி, நான்கு மாதமாகத் தடுப்பு முகாமில் கிடக்கும் உங்கள் நாட்டுக் கிரேன் ஓட்டுநரை, வரும் வியாழன் காலை பத்து மணிக்குத் தூதரக அதிகாரி ஒருவர் நேரில் வந்து, 'இவர் எங்கள் ஆள்தான்' என்று கையெழுத்திட்டால், அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம், தவறினால் அடுத்த மாதம்தான். யாருக்கும் புரியும் கடிதம். ஆனால் நம் தலைவனோ கடிதங்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கும் அரிய கலையில் கரைகண்டவன்.

கீழே என்ன இருக்கும் என்பீரேல், அரசுக்கு அரசு எழுதும் எக்கடிதமும், சண்டைக்கு அழைக்கும் கடிதமேயானாலும், 'தங்கள்பால் யாம் கொண்டுள்ள மிகவுயர்ந்த மதிப்பை இவ்வாய்ப்பில் மீண்டும் உறுதிசெய்கிறோம்' என்று குழைந்து முடிவதே தூதுவர் உலகின் வழக்கம். அந்த வாக்கியம் இதில் இல்லை! அமைச்சகத்துத் தட்டச்சுக்காரியின் பிரிண்டரில் ஒரே ஒரு தாள்தான் மிச்சமிருந்தது என்பதும், அவள் செய்தியை அடக்கி மரியாதையை விட்டுவிட்டாள் என்பதும் நம் தலைவனுக்கு எங்ஙனம் தெரியும்? அவன் மீசை துடித்தது. நாற்காலி கிறீச்சிட்டது. மேலே ஒரு வரியும் படியாமல் கடிதத்தைக் குப்புறக் கவிழ்த்து, அவையதிர முழங்கினான்:

"மரியாதை துறந்த காகிதம் இம்மண்டபத்தில் தங்கலாகாது! வந்த வழியே திருப்புக!"

அவையில் இருந்தவர் தலைமை எழுத்தர் ஒருவரே. அவர் மெல்லக் கேட்டார், "சார், உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு அனுப்பலாமே?"

"ஒரு வரி படிச்சாலும் வாங்கிக்கிட்டதா ஆயிடும். இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

அங்ஙனம் தொடங்கியது சமர். எதிர்ப்படைத் தலைவன், விருந்து இருக்கை முதல் கடித வாசகம் வரை வகுக்கும் அமைச்சகத்து மரபுப் பிரிவின் உதவி இயக்குநன், சாமானியன் அல்லன். முன்னொரு விருந்தில் நம் வீரனைச் சமையலறைக் கதவோரம் உட்கார்த்தி, போவோர் வருவோர் தட்டெல்லாம் அவன் தோளில் இடிக்கச் செய்த பாதகன். அந்த வடு ஆறவில்லை. செவ்வாயன்று, 'தங்கள் மறுப்பு எமக்கு வியப்பளிக்கிறது' என்னும் அம்பை அதே கடிதத்தோடு சேர்த்து எய்தான் அவன். புதனன்று, 'தங்கள் வியப்பே எமக்கு வியப்பளிக்கிறது' என்னும் வேலை எறிந்தான் இவன். கொடிக்கம்பி வளைந்த காரில் டிரைவர் போனார், வந்தார், போனார். நகரத்தின் சிக்னல்கள் அனைத்தும் அவருக்குச் சொந்தக்காரர்கள் போல் ஆயின.

இந்தப் பேரமளியின்போது கீழ்த்தளத்தில், நான்காம் ஜன்னலின் முன், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவ்வூர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் பாத்திரம் துலக்குபவள். கிரேன் ஓட்டுநரின் மனைவி. இரவு வேலையை முடித்துவிட்டுத் தூங்காமல் நேரே இங்கே வருவாள். புதனன்று படியிறங்கிய வீரனை அவள் மறித்தாள்.

"சார், அவரை வெளிய விடுறதுக்கு ஏதாச்சும் லெட்டர் வந்துச்சா சார்?"

"அமைச்சகத்தோட பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்மா. பெரிய இடத்து விவகாரம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

அவள் கும்பிட்டாள். அவன் அதையும் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

புலர்ந்தது வியாழன். மணி பத்து. பகைவர் குலைநடுங்க அடுத்த மறுமொழி தீட்டிக்கொண்டிருந்த நம் பேனாவேந்தன், 'வருந்துகிறோம்' என்பதா, 'ஆழ்ந்து வருந்துகிறோம்' என்பதா என்னும் இருதலைப் பாம்பிடம் சிக்கி, தேநீர் ஆறியதும் அறியாமல் தவித்தான். அதே பத்து மணிக்குத் தடுப்பு முகாமில், போனைப் பறிகொடுத்த ஒருவன், பக்கத்துக் கட்டில்காரனிடம் சீப்பு இரவல் வாங்கித் தலைவாரி, இரண்டு சட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் அமர்ந்து வாசற்கதவையே பார்த்திருந்தான். பன்னிரண்டு மணிக்குக் காவலர் அவனை உள்ளே போகச் சொன்னார். இதைச் சொல்ல எமக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் காவியத்தை நடுவில் நிறுத்தும் வழக்கமில்லை.

வெள்ளியன்று வந்தது வெற்றி! எதிர்ப்படை சலித்தது. புதுத்தாள் கட்டு வந்திறங்கிய அமைச்சகத்திலிருந்து, பழைய பக்கத்தோடு இரண்டாம் பக்கம் ஒன்று இணைந்து வந்தது. அந்த வெண்பரப்பின் நட்டநடுவே, பட்டத்து யானைபோல் தனித்து நின்றது மரியாதை வாக்கியம். 'மிகவுயர்ந்த' இருந்தது. 'மீண்டும்' இருந்தது. முற்றுப்புள்ளிகூட இருந்தது. நம் தலைவன் எழுந்து நின்று அதை இருமுறை ஓதினான். ஊதா மையில் தோய்த்த முத்திரையை மேசை குலுங்கக் குத்தினான். தூதரே இன்டர்காமில் "சபாஷ்" என்றார். கருணை பொங்க அவன் அந்தப் பெண்ணை மாடிக்கு அழைப்பித்து, கடிதத்தை உயர்த்திப் பிடித்து அறிவித்தான்:

"பணிந்தது அமைச்சகம்! நிமிர்ந்தது நம் கொடி!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் சார். எப்ப சார் போய்க் கூட்டிட்டு வரலாம்?"

அப்போதுதான் வீரன் முதற்பக்கத்தைத் திருப்பி, வாழ்வில் முதன்முறையாக ஒரு கடிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தான். தலைமை எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிதம் இறங்கியது, உயர்த்திய கையும் இறங்கியது.

"அடுத்த மாசம் ஒரு தடவை வந்து பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் செயலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.