மோதிரம் தின்ற மாப்பிள்ளை

மாமனார் போட்ட மோதிரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு. தின்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

உலகச் சண்டை நடந்த காலம். திருச்சுழியில் வாத்தியார் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. உடம்பு மட்டும் ஒட்டடைக்குச்சி. (பையன்கள் இன்னும் பொருத்தமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது வேண்டாம்.) பரளச்சி வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "தங்க பஸ்பந்தான் கேக்கும். டவுனு டாக்டரே மூட்டுவலிக்குத் தங்கத்த ஊசியில ஏத்துறாகல்ல?" என்றார். தங்கத்துக்கு எங்கே போவது? விரலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். மதுரைக்குப் போய் அதே மாதிரி ஒரு கில்ட்டு மோதிரம் வாங்கி மாட்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் பஸ்பத்தை நெய்யில் குழைத்துத் தின்றதில் சதை போட்டவர் வைத்தியர்தான்.

மறு வருஷம் மல்லாங்கிணற்றில், மாமனார் வீட்டில், மகன் பிறந்தான். குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் நாள் வந்தது. மாமியார் கல்லைக் கழுவி, தாய்ப்பால் விட்டு, வசம்பையும் சாதிக்காயையும் உரைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"மோதிரத்தக் குடுங்க மாப்ளே. அப்பன் தங்கத்த ரெண்டு உரசு உரசணும்."

விரல் வீங்கியிருக்கிறது என்றேன். (என் விரலாவது, வீங்குவதாவது!) மனைவியே உருவிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது உரசிலேயே செம்பு பல்லிளித்தது.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவாளை எடுத்தார். "ஏமாத்திப்புட்டானே ஆசாரி! அவன ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்."

நல்ல தங்கத்தில் மோதிரம் செய்து கொடுத்த அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? "மாமா, நில்லுங்க! மோதிரம் என் வயித்துக்குள்ள இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"ஐயையோ, முழுங்கிட்டாகளே! வாழப்பழத்தக் கொண்டாங்கடி!" என்று மாமியார் அலறினார். அலறியதோடு நிற்காமல் ஒரு பழத்தை என் வாயில் திணித்தும் விட்டார். அதை மென்றுகொண்டே பஸ்பக் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். மானம் கப்பலேறியது.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அருவாளைக் கூரையில் செருகினார்.

"சரி, தங்கம் எங்க போயிருச்சு? மாப்பிள்ளையவே ரெண்டு உரசு உரசி ஊத்து."

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தோட்டைக் கழற்றி உரைத்தார்.

அந்த மகனுக்கே போன மாதம் மகள் பிறந்தாள். பயல் கல்லைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் வைத்து, "வாங்கப்பா" என்றான். வீடே சிரித்தது. வேறென்ன செய்ய? முழங்கையை மடக்கி நீட்டினேன்.