சாயக்காரர் கையில் சிக்கிய முதுகு

அடுத்தவன் சட்டையை அவனைக் கேட்காமலே தூக்கி முதுகைப் பார்க்கும் உரிமையைக் கடவுள் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சின்ன காஞ்சிபுரத்தில், நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த பட்டறையில் இருந்தார். காஞ்சிபுரம் எத்தனை பெரிய ஊர்! எத்தனை தெரு, எத்தனை முதுகு! அத்தனையையும் விட்டுவிட்டு அந்த மனிதர் என் முதுகில் வந்து விழுந்தார் என்றால், நான் போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தேனோ தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சில விஷயங்களில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். தெரு முழுக்க அவரைச் சாயக்காரர் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். திங்கட்கிழமை கத்தரிப்பூ என்றால் வியாழக்கிழமை கிளிப்பச்சை. மனிதர்களையும் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். தபால்காரர் அவருக்கு ‘வெளுத்துப்போன மாம்பழம்’. மளிகைக் கடைக்காரர் ‘வெங்காயத்தோல்’. இந்தப் பட்டத்தை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் குடிவந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ கோதுமைப்பா. ஆனா பசை கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். ஒரு சர்க்கார் ஆபீஸ் டைப்பிஸ்டிடம் பேசுகிற பேச்சா இது?

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதுகு முழுக்கப் பரு. முகத்தில் பரு வந்தால் ஊரே அனுதாபப்படும். பருவம் வந்த பிள்ளை என்று பாட்டுக்கூடப் பாடும். முதுகில், அதுவும் முப்பதை நெருங்கும் வயதில் வந்தவனுக்கு என்ன கிடைக்கும்? உபதேசம் கிடைக்கும். மெஸ்காரர் மாங்காய் ஊறுகாயைத் தொடாதே என்றார். ஹெட்கிளார்க் வேர்க்கடலையை விடச் சொன்னார்; சொல்லும்போது அவர் வாயிலேயே வேர்க்கடலை இருந்தது. டாக்டர் ஒருவர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல், “வயசுல வர்றதுதான். கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார். வயசில் வருவது என்றால் பதினெட்டில் வந்திருக்க வேண்டியதுதானே? என்னைக் கேட்டா தாமதமாக வந்தது?

நாற்காலியில் சாய முடியாது. மல்லாந்து படுக்க முடியாது. ஆபீசில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிற ஒரே ஆள் நான்தான் என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மெச்சினார். எனக்கு அழுகை வந்தது. கிணற்றடியில் நான் பனியனோடுதான் குளிப்பேன். இப்படி ரகசியமாக வைத்திருந்த முதுகைத்தான் அந்த மனிதர் ஊருக்குத் திறந்து காட்டினார்.

விஷயம் என் பனியனில் ஆரம்பித்தது. கொடியில் காயப்போட்டிருந்த பனியனின் பின்பக்கத்தில், பரு உடைந்து பட்ட கறை நாலைந்து இருந்திருக்கிறது. வேறு யாராவது பார்த்திருந்தால் கண்டும் காணாமல் போயிருப்பார்கள். சாயக்காரர் பார்த்தார். துவைத்தும் போகாத ஒரு சிவப்பு. தன் பட்டறையில் இல்லாத சிவப்பு. அவருக்குத் தொழில் பொறாமை வந்துவிட்டது. பனியனை உருவிக்கொண்டு தெருவில் இருக்கிற மற்ற சாயப் பட்டறைகளுக்கெல்லாம் போய், “இந்த அரக்கு யாருப்பா போட்டது? கெட்டிச் சாயமா இருக்குதே!” என்று விசாரித்திருக்கிறார்.

நான் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது டீக்கடை வாசலில் என் பனியனைக் கட்சிக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் என்னைக் கை காட்டினார். அவ்வளவுதான். சாயக்காரர் என் பின்பக்கமாக வந்தார், சட்டையைத் தூக்கினார்.

“அட இன்னா நைனா, இது அரக்கு இல்ல! அரக்குக்கும் மாதுளைக்கும் நடுவுல. இங்க பாருங்கப்பா, இங்க ஒரு வாடாமல்லி!”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

“சட்டைய விடுங்க! என் மானம் போவுது!”

“மானம் முதுகுலயா இருக்குது? சும்மா நில்லு தம்பி. இது இன்னா சட்ட, டெரிலினா? இதுக்குள்ள காத்து எங்க போவும்? வேர்வ உள்ளயே வெந்துக்கினு இருக்குது பாரு. கழட்டிப் போடு!”

அந்த டெரிலின் சட்டைக்காக நான் எத்தனை மாசம் ஏங்கினேன் என்று அவருக்குத் தெரியுமா? கோபத்தில் இன்னும் இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். அப்புறம் சும்மா பார்ப்போமே என்று பருத்திச் சட்டைக்கு மாறினேன். கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. அதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் அதோடு அவர் விட்டாரா? சாயம் போடாத பச்சைப் பட்டு நூலில் பிசின் போல ஒரு பசை ஒட்டியிருக்கும். சவுக்காரமும் சோடா உப்பும் போட்ட சுடுதண்ணீரில் அலசி அதை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும், பளபளப்பும் வரும். முப்பது வருஷமாக இதைச் செய்த மனிதருக்கு, என் முதுகுக்கும் அதே வைத்தியம்தான் என்று தோன்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கிணற்றடியில் குந்தவைத்து, பட்டுக்குப் போடுகிற அதே சோடாத் தண்ணீரை முதுகில் ஊற்றித் தேய்த்தார். நான் ஐயோ எரியுதே என்று எகிறிக் குதித்தேன்.

“முப்பது வருஷமா பட்ட அலசுறேன். அது ஒரு நாளாச்சும் கத்துச்சா? நீ ஏம்பா கத்துற?”

கேட்டீர்களா நியாயத்தை!

பசை போனால் பட்டு கால் பங்கு எடை குறையும். ஆகவே நானும் குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. அலசுவதற்கு முன் விறகு மண்டித் தராசில் என்னை ஏற்றி நிறுத்தியிருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இழுத்துக்கொண்டு போனார். மண்டிக்காரர் படிக்கல்லை வைத்துப் பார்த்து, “அரைக் கிலோ ஏறியிருக்குது” என்றார். சாயக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. “தண்ணி சரியில்ல” என்று சொல்லி, செவிலிமேட்டுக்கு அழைத்துப்போய்ப் பாலாற்று ஓடையில் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். துணி துவைக்க வந்தவர்கள் என்னைப் பிணம் என்று நினைத்துக் கூச்சல் போட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் பார்த்த இடம். பெண் தென்னேரி, ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். பெண்ணைப் பார்த்தேன், பிடித்துவிட்டது. எப்படிப் பிடித்தது என்றால், அதற்கு முன் பார்த்த நாலு இடத்தையும் நானே தட்டிக் கழித்திருந்தேன். இந்த இடம் தவறினால் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குப் பிடித்தது.

பயமும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் பந்தலில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி நலங்கு வைப்பார்கள். வெற்றுடம்போடு மணையில் உட்கார வேண்டும். ஊரே சுற்றி நிற்கும். தோலில் ஒரு தடிப்பைப் பார்த்தாலே குஷ்டம், பெருவியாதி என்று பேசிய காலம் அது. என் முதுகைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? பெண்ணை எழுப்பி உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரைத் தவிர. தினம் சாயங்காலம் வேப்பிலை அரைத்து என் முதுகில் பூசிக்கொண்டிருந்த ஆளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

“பொண்ணு வூட்டுல சொல்லிட்டியா?” என்றார் சாயக்காரர்.

“சொன்னா நின்னுபோகும். வாய மூடிக்கினு இருங்க.”

அவர் வாயை மூடவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாமா ஆபீசுக்கே ஓடி வந்தார்.

“டேய், கையெல்லாம் பச்சையா ஒரு ஆளு உன் தெருவுல இருக்கானா? தென்னேரிக்கு பஸ் ஏறிப் போயி உன் முதுகப் பத்திப் பேசிட்டு வந்துருக்கான்டா!”

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. வாங்கன்னு மட்டும் சொல்லியனுப்பினாங்க. எனக்கே பேஜாராக்கீது.”

நான் டைப் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். சாயக்காரர் அண்டாவில் நூலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“தென்னேரிக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“என் முதுகப் பத்திச் சொன்னீங்களா?”

“சொன்னேன். பொய் சொல்றதுக்கா வெய்யில்ல பஸ் ஏறிப் போவாங்க?”

“உங்கள யாருய்யா கேட்டது? நீங்க மனுஷனா? என் வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களே!”

என்னென்னவோ கத்தினேன். தெரு கூடிவிட்டது. அவர் பாட்டுக்கு நூலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு வரவே கூடாது என்று சொல்லி, நான் கொடுத்திருந்த பத்திரிகையைச் சுவரில் செருகியிருந்த இடத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். மரியாதைக்குக் கொடுத்த பத்திரிகையைத் திரும்பப் பிடுங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நலங்கு நாள் வந்தது. தென்னேரியில் பந்தல், கூட்டம், மேளம். எனக்குக் காப்புக் கட்டினார்கள். மணையில் உட்காரவைத்து, “மாப்ள, சட்டையக் கழட்டுங்க” என்றார்கள். இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்தது. கழற்றிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இதோ ஒரு கூச்சல் வரும், இதோ மேளம் நிற்கும் என்று காத்திருந்தேன்.

மேளம் நிற்கவில்லை. முதுகில் ஜில்லென்று சந்தனம் பட்டது. பெண்ணின் அத்தை பூசிக்கொண்டே, “எரியுதா மாப்ள?” என்று கேட்டார். “மஞ்சளு நேரா பட்டா காந்தும், முதுகுக்கு மட்டும் சந்தனத்த எழச்சி வெச்சுக்கோங்கன்னு சாயக்காரரு சொல்லிட்டுப் போனாரு. காலையில இருந்து எழச்சேன்.”

நான் கண்ணைத் திறந்தேன். மாமனார் என் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“மொதல்ல நாங்க பயந்துதான் பூட்டோம் மாப்ள,” என்றார். “பெருவியாதியான்னுகூட எங்க ஆளுங்க கேட்டுட்டாங்க. அந்த மனுசன் எழுந்தாரு. சட்டையக் கழட்டிட்டு எங்களுக்கு முதுகக் காட்டி நின்னாரு. முதுகு பூரா குழி. ‘எனக்கு உங்க மாப்ள வயசுல வந்துச்சி. இப்ப எனக்கு அம்பது தாண்டிடுச்சி. ஒட்டுற நோவா இருந்தா எங்க தெருவுக்கே ஒட்டியிருக்கணும். தொட்டுப் பாருங்க’ன்னாரு. நான் தொட்டுப் பாத்தேன்.”

கொதிக்கிற அண்டா முன்னால் நின்றபோதுகூட அவர் சட்டையைக் கழற்றி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அவருக்கும் கல்யாணம் வெச்சாங்களாம் மாப்ள. மறைச்சி வெச்சாராம். நலங்கு அன்னிக்கிப் பாத்துட்டுப் பொண்ணு வூட்டுக்காரங்க பந்தல விட்டு எழுந்து பூட்டாங்களாம். அப்புறம் அவரு கல்யாணமே பண்ணிக்கல. ‘அந்தப் புள்ளைக்கி அப்பிடி ஆவக்கூடாது’ன்னு சொல்லிட்டு, ஒரு வாய் மோர்கூடக் குடிக்காம பூட்டாரு.”

நான் மணையிலிருந்து எழுந்துவிட்டேன். காப்புக் கட்டின மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மாமாவைத்தான் அனுப்ப முடிந்தது. மாமா போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“‘பத்திரிகைய எடுத்துக்கினு பூட்டானே, எப்பிடி வர்றது’ன்னு கேக்குறான்டா அந்த ஆளு!”

பார்த்தீர்களா கொழுப்பை! புதுப் பத்திரிகை ஒன்றில் மஞ்சள் தடவி, என் கைப்படப் பெயர் எழுத உட்கார்ந்தேன். பெயர் தெரியவில்லை. ‘சாயக்காரர் அவர்களுக்கு’ என்றே எழுதி, மன்னிச்சுக்குங்க என்று அடியில் சேர்த்து, மாமாவை மறுபடியும் துரத்தினேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார். நேராக மணமேடைக்கு ஏறி, என்னைப் பார்க்காமல் பெண்ணின் முந்தானையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இந்தச் சாயம் எவன் போட்டான்? மூணு தண்ணிக்கு நிக்காது” என்று ஊர் கேட்கச் சொன்னார். “மொதல்ல போயி சாப்புடுங்க!” என்று நான் கத்தினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெண் தலை குனிந்து சிரித்தாள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நான் பட்டறைக்குப் போவேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றுவார். நான் தேய்ப்பது சரியில்லை, அழுத்தம் போதாது, எண்ணெய் மட்டம் என்று திட்டிக்கொண்டே இருப்பார். நானும் திருப்பித் திட்டுவேன். ஒரு சனிக்கிழமை தேய்த்து முடித்ததும், “எங்கம்மாவுக்கு அப்புறம் என் முதுகுக்கு எண்ண தேச்சது நீதான்பா” என்றார். அன்றைக்கு மட்டும் நான் சண்டை போடவில்லை.