கதிரை மிஸி

வன்னியில் களைத்தவர்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்தால் எங்கள் கதிரை மிஸிதான் வெல்லுவார். ஆனால் பரிசு வாங்க மேடையேறமாட்டார். கீழே ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுவார்.

புளியங்குளத்துக்கு உள்ளே, எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கெல்லாம் அவர்தான் மருத்துவமாது. ஸ்கூட்டியை வேலியோடு சாய்த்ததும், "கதிரை ஒண்டு தாங்கோ, நான் களைச்சுப்போனன்" என்பார். பிறகு வரும் விசாரணை, ஏச்சு, புத்திமதி எல்லாம் மூடிய கண்ணோடுதான்.

மகள் என் வயிற்றில் இருந்தபோது, ஈரலைத் தாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். கண் மஞ்சளாகும் செங்கமாரிக்கான சோதனை என்று வீட்டில் வந்து சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மாமி, கணவரின் தாய், மத்தியானமே எனக்குப் பத்தியம் தொடங்கிவிட்டார். மீன் இல்லை, உப்பில்லை, மூன்று நேரமும் கீழ்காய்நெல்லிச் சாறு.

அந்தக் கிழமை மிஸி வந்தார். மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆர் இதைக் குடிக்கிறது?"

"செங்கமாரிக்கு நீங்கள்தானே ரத்தம் எடுத்தனீங்கள்?" என்றார் மாமி. "நேரத்தோட மருந்தைத் துவங்கினால் நல்லதெல்லோ?"

"இருக்கோ எண்டு பாக்கத்தான் எடுத்தது. இருக்கெண்டு ஆர் சொன்னது? பிள்ளைக்கு மீனும் சோறும் போடுங்கோ அம்மா. உங்களோட கதைச்சே நான் களைச்சுப்போனன்."

ஆனால் முடிவு வந்தபோது கிருமி இருந்தது. அதைச் சொல்லும்போது மிஸி கண்ணைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"பிள்ளைக்கும் வருமோ மிஸி?"

"விட்டால் வரும். நான் விடன். பிறந்த உடன ஊசி போடுவிப்பன். உன்னைப் பெரிய டொக்டரிட்டக் காட்டுவம்."

குசினியில் மாமி என் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். மிஸி கதிரையை அங்கேயே இழுத்துப் போட்டார். "கோப்பையால இது தொத்தாது அம்மா. அதிலயே எனக்குச் சோறு போடுங்கோ." மாமி போட்டார். மிஸி கண்ணை மூடிக்கொண்டே குளத்து மீனின் முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. மாமி அந்தக் கோப்பையைக் கழுவி, மற்றக் கோப்பைகளோடு அடுக்கினார்.

மகள் பிறந்த அன்று மிஸிக்கு லீவு. இருந்தும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஊசி போட்டாகிவிட்டது என்று வார்டில் சொன்னார்கள். "எந்தத் துடையில? காட்டுங்கோ" என்று குனிந்து பார்த்த பிறகுதான் போனார். அன்று அவர் கதிரை கேட்கவேயில்லை.

மகள் நடக்கத் தொடங்கிய பிறகு அவளுக்கும் ரத்தம் சோதித்தார்கள். முடிவு தெரிந்த அன்று, நல்ல வெயிலில் மிஸி வந்தார்.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லை" என்றார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இந்த முறை உண்மையாகவே நித்திரை.

மாமி தேத்தண்ணியோடு வந்து நின்றார். "எழுப்பட்டோ?"

"விடுங்கோ மாமி" என்றேன். "அவா களைச்சுப்போனா."