மதி என்று நான் சொன்னது பாட்டுக்கு அல்ல

காரோடு,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் கனமும் நிறைந்த விஜயதாஸ் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் ஈசாக் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே ஞானபாய் சுகம், மகள் ரெஜிலா சுகம், கறவை மாடுகூட சுகம். நான் மட்டும் சுகமில்லை. மார்த்தாண்டத்தில் நீங்களும் ரத்னபாய் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்க இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள். அக்கா காதில் விழுந்தால் ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் சபை முழுக்க விழுந்துவிடும். ஆகையால் தனியாக இருந்து வாசிக்கவும்.

ரெஜிலாவுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை ஜெனில் நல்ல பிள்ளை. அதில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய அப்பா ஜெயதாஸ்தான் என் வியாதி. மனிதர் நெய்யாற்றின்கரையில் சபைப் பாடகர் குழுவை நடத்துகிறவர். அங்கே குவயர் மாஸ்டர் என்றாலே அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றோடொன்று பழகட்டும் என்று பிள்ளைகள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பழகுவதற்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாயா குடித்தால் போதாதா? போதாதாம். சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டில் இருந்துகொண்டே போனில் பாட்டு கண்டுபிடிக்க வேண்டுமாம். அது ஒரு விளையாட்டு. பாட்டின் இசையை மட்டும், வார்த்தை இல்லாமல், கொஞ்சம் போடுவார்கள். நம்முடைய அணியில் இருக்கிற எல்லாரும் பேசி ஆலோசித்து ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். ஜெனில் அதை அமுக்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எதிர் அணியில் முன்பின் தெரியாத ஆலப்புழைக்காரர்கள். நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து முடி நரைத்தவன். வாய்தா கேட்க வழியில்லாத ஒரு காரியத்தில் தலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பாட்டு விஷயத்தில் என் யோக்கியதை உங்களைவிட யாருக்குத் தெரியும்? நம் சபைப் பாடகர் குழுவில் நான் சேர்ந்த அன்றைக்கே, "எலே ஈசாக்கு, நீ மைக்செட்டுக்காரனுக்குத் துணைக்கு நில்லு" என்று என்னை வெளியே அனுப்பியவர் நீங்கள். ஆகவே அன்றும் நான் அடக்கமாக, போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, ஞானபாய் அவித்துக் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் கவனித்துக்கொண்டிருந்தேன். என் மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது. அப்போது ஒரு பழைய தமிழ்ப் பாட்டின் இசை வந்தது. முதல் வார்த்தை என்ன என்பது கேள்வி. நிலாவைப் பற்றிய பாட்டு என்று துப்பும் கொடுத்தார்கள். உடனே ரெஜிலா நிலா என்கிறாள், ஜெனில் சந்திரன் என்கிறான், ஜெயதாஸ் அம்பிளி என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, தமிழ்ப் பாட்டுக்கு அது ஆகாதே என்று தானே விழிக்கிறார். நேரமோ ஓடுகிறது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்றாள் ஞானபாய்.

"மதி," என்றேன்.

"முள்ளு எடுத்த மீனாக்கும். தின்னுங்க."

"மதி, மதி," என்று தட்டைக் கையால் மூடினேன்.

நம் பக்கத்தில் போதும் என்பதற்கு மதி என்றுதானே சொல்வோம், அத்தான். இந்தக் கேரள எல்லையில் கஞ்சி விளம்பினாலும் அதுதான், கல்யாணச் சோறு விளம்பினாலும் அதுதான். ஜெனில் அதைக் கேட்டு "மதி! மாமா சொல்லியாச்சு" என்று அமுக்கிவிட்டான். போன் முழுக்கப் பட்டாசு வெடிக்கிற படம் வந்தது. அது மதி என்று தொடங்கும் பாட்டுத்தானாம். ஆலப்புழைக்காரர்கள் தோற்றார்கள். அந்தப்பக்கம் ஜெயதாஸ், "சம்பந்தி, நிங்ஙள் ஆளு சில்லறக்காரனல்லல்லோ" என்று மெச்சுகிறார். நான் வாயில் மரச்சீனியோடு தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆட்டலில்தான் என் கெட்டகாலம் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். இசை வருகிறது, எனக்கு அது மழை பெய்கிற மாதிரி கேட்கிறது. நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா யோசிக்காரு, ஆரும் சத்தம் போடாண்டாம்" என்கிறான் ஜெனில். கடைசியில் ரேஞ்ச் இல்லை என்று போனை அணைத்துவிட்டுத் தொழுத்துக்குப் போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நாங்கள் தோற்றோம். அதற்கும் ஜெயதாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயம் உள்ளவர்கள் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் வாய் திறக்கமாட்டார்கள் என்று தம் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாராம். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவராக நினைத்துக்கொண்டார், நானாக மறுக்கவில்லை. கோர்ட்டில் இதற்குக் குற்றமே கிடையாது.

ஆனால் இப்போது வந்திருப்பது கோர்ட்டைவிடப் பெரிய இடம். அடுத்த வாரம் வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். ஜெபத்துக்கு முன்னால் முதல் பாட்டை மாப்பிள்ளையின் அப்பா எடுத்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். போன வாரம் ஜெயதாஸ் கூப்பிட்டு, "அந்த ஸ்தானம் நான் சம்பந்திக்குத் தருவேன். நிங்ஙள் தொடங்ஙணும், நான் பின்னால வாறேன்" என்றார். அதை எல்லாரிடமும் சொல்லியும் விட்டார். அவர்கள் பாடகர் குழு முழுவதும் வருகிறதாம்.

ஞானபாயிடம் சொன்னேன். "உள்ளதைச் சொல்லிரப்பிடாதா? மரச்சீனி தின்னது ஒரு குத்தமா?" என்கிறாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு நாணக்கேடு வந்தால் பொறுத்துக்கொள்வேன், அத்தான். இந்த வயதில் அதற்கு என்ன செய்ய முடியும்? ஆனால் ரெஜிலா அந்த வீட்டில் காலம் முழுக்க இருக்க வேண்டியவள். சோறு கொஞ்சம் குழைந்துபோனால்கூட, உன் அப்பா அன்றைக்கு ஏமாற்றினாரே என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது. அவள் ஒற்றைப் பிள்ளை.

பாடிப் பழகிப் பார்க்காமலும் இல்லை. நேற்றுக் காலையில் குளிமுறியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கீர்த்தனையைத் தொடங்கினேன். இரண்டாவது அடிக்குப் போவதற்குள் பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் ஓடிவந்து, "அண்ணா, அக்காவுக்கு வயித்துவேதனையா? காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு வண்டி விளிக்கட்டா?" என்று கேட்கிறார். ஞானபாயோ அவருக்கு முன்னால் நின்று மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். "அப்போ மாட்டுக்கா?" என்கிறார் மனிதர். நல்ல அயல்காரர், குறை சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போய்ப் பசுவுக்கு ஒரு லேகியமும் கொடுத்தனுப்பினார்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். வியாழக்கிழமை நீங்கள் முதல் வண்டியிலேயே வந்துவிட வேண்டும். பந்தலில் எனக்கு நேர் பின்னால், வாழைக்குலை கட்டியிருக்கிற தூணை ஒட்டி நிற்க வேண்டும். நான் வாயைத் திறக்கும்போது நீங்கள் பாட வேண்டும், நான் மூடும்போது நிறுத்த வேண்டும். உங்கள் குரலின் அழகு எனக்குத் தெரியும், கொஞ்சம் அடக்கிப் பாடவும். ரொம்ப நன்றாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும், முக்கியமாக ஜெயதாஸ் காதுக்கு எட்டவே கூடாது. எட்டினால் நான் செத்தேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். உங்கள் தொண்டைக்கு ஒரு குறையும் வராதபடி ஆண்டவர் வியாழக்கிழமை வரைக்குமாவது காக்கட்டும், பிறகும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தயவை நம்பியிருக்கும்
ஈசாக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஜெயதாஸ் நேரில் வந்துவிட்டார். ஒற்றைக்கு வந்தார். சாயாகூடக் குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, அன்னைக்கு மரச்சீனி விளம்புன சத்தம் எனக்கு நல்லா கேட்டது" என்றார். நான் கையை உருவப் பார்த்தேன். ஆனால் மனிதர் கண்தான் கலங்கியிருந்தது. போன வருஷத்துக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பாட்டுக் குரல் திரும்பவே இல்லையாம். குவயர் மாஸ்டர் பதவி போய்விடுமே என்று மகனிடம்கூடச் சொல்லவில்லையாம். "கைய வீசுறவன் பாடுறானா இல்லையான்னு ஆரு பாக்கா? ஆனா நிச்சயத்துக்கு ஒத்தைக்கு நின்னு தொடங்ஙணுமே. நிங்ஙள் மறுக்கமாட்டீங்கன்னு அறியும், அதாக்கும் தள்ளிவிட்டேன்" என்றார். எனக்கும் பாட வராது என்று தெரிந்ததால் அதிலும் மனம் சமாதானப்படாமல், பாடகர் குழு வழியாக முன்பே தெரிந்த உங்களைப் போன ஞாயிற்றுக்கிழமையே கூப்பிட்டு, வாழைக்குலைத் தூணுக்குப் பின்னால் நின்று பாடித்தர வாக்கு வாங்கிவிட்டாராமே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா அத்தான் உங்களுக்கு? போகட்டும். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் கொஞ்சநேரம் சிரித்தோம், கொஞ்சநேரம் அழுதோம். ரெஜிலாவுக்கு இனி அந்த வீட்டில் ஒரு பயமும் இல்லை. வியாழக்கிழமை முன்வரிசையில் அவரும் நானும் சேர்ந்தே நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் குரலை அடக்க வேண்டாம், இரண்டு பேர் குரலுக்குக் காணும்படி பாடவும். பாட்டு முடிந்து எல்லாரும் கைகொடுக்க வரும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.