நம்பர்வாலியின் அறுபது நத்தைகள்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்த ஆராய்ச்சியின் எண்களை அவளுக்குத் தெரியாமல் நான் திருத்தினேன். திருத்தியதோடு நிற்கவில்லை. விஷயம் வெளியே வந்தபோது வாயை மூடிக்கொண்டு, பழி அவள் தலையில் விழும்படி விட்டேன். அப்போது போர்ட் பிளேரில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு நத்தை கூடப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட முடியாது. பிடித்து, துடைத்து, ஓட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சால் நம்பர் எழுதிவிடுவாள். எங்கள் சந்திலிருந்த வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் அத்தனை பேரும் அவளை 'நம்பர்வாலி', அதாவது நம்பர்க்காரி, என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மாவே சில சமயம் அப்படிக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் நத்தையை மெயின்லேண்ட் வாசகர்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவு இருக்கும். மழை தொடங்கினால் சுவர், கதவு, செருப்பு, ஸ்கூட்டர் இருக்கை என்று எங்கும் அதன் ஆட்சிதான். ஒரு பாத்திக் கீரையை விடிவதற்குள் மொட்டையடித்துவிடும். அதைக் கொல்ல மனம் வராத நல்லவர்கள் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் பொறுக்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவது. நான் தாஸ் பாபுவின் தோட்டத்தில் எறிவேன். அவர் கப்பல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்காளி. அவர் என் தோட்டத்தில் எறிவார். எறியும்போது ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் உடனே 'நமஸ்தே' சொல்லி, வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசுவோம்.

நம்பர்வாலியின் குடும்பம் சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கட்சாலுக்கு, அப்பா காலத்தில் கட்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கு. மூன்றாவதாக எங்கே போவது என்பதை அவள் தானே முடிவு செய்துவிட்டாள். மெயின்லேண்ட் கல்லூரிக்கு.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மெயின்லேண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மாத முகாம் நடத்தியது. யார் உதவியும் இல்லாமல் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து அனுப்ப வேண்டும். தேர்வானால் விஞ்ஞானிகளோடு ஒரு மாதம் வேலை. முடிவில் அவர்கள் தரும் கடிதத்துக்குக் கல்லூரி வாசலில் மரியாதை உண்டு. பள்ளியின் சார்பில் கையெழுத்துப் போட ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரே சந்தில் குடியிருந்த பாவத்துக்கு நான் அகப்பட்டேன்.

"தூக்கி எறிஞ்ச நத்தை திரும்பி வருமான்னு பாக்கப் போறேன் சார்."

"இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா? சூரிய அடுப்பு செய்யேன். அட்டைப் பெட்டி நான் தர்றேன்."

"சூரிய அடுப்புல என்னா வரும்னு எல்லாருக்கும் தெரியும் சார். இது யாருக்குமே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக எறிந்துகொண்டிருந்தவன் நான்.

அறுபது நத்தைகளுக்கு நம்பர் போட்டாள். எந்த நத்தையை யார் வீட்டிலிருந்து எடுத்தாள், எத்தனை மீட்டர் தள்ளி விட்டாள் என்பதெல்லாம் நோட்டில் ஏறியது. எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே பளபளவென்று விடிந்துவிடும். அந்த நேரத்துக்கு டேப்பும் நோட்டுமாக மதில் மதிலாக வந்துவிடுவாள். பல் தேய்க்க வெளியே வருகிறவனைப் பார்த்து, "அசையாதீங்க சார், கால்கிட்ட முப்பத்தொண்ணு!" என்பாள். வாயில் நுரையோடு நான் ஒற்றைக் காலில் நின்ற நாட்கள் பல.

சந்தின் அமைதி அதோடு போயிற்று. அதுவரை நத்தைக்கு ஊர் பேர் கிடையாது. இப்போது சாட்சி வந்துவிட்டது. ஒரு காலை தாஸ் பாபு ஒரு நத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"மாஸ்டர்ஜி! சௌதா நம்பர் ஆப்கா ஹை!"

பதினான்காம் நம்பர் உங்களுடையது என்கிறார். நான் மறுத்தேன். அவர் நம்பர்வாலியைக் கூப்பிட்டார். அவள் நோட்டைப் புரட்டினாள்.

"உங்க வீட்டுக் கீரைப் பாத்தியில எடுத்தது சார். நான் ரோட்டோரமாத்தான் விட்டேன். ஆனா முந்தாநாள் நீங்க இதைத் தூக்கி அங்கிள் வீட்டுல எறிஞ்சீங்க. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

தாஸ் பாபு ஒரு வாரம் என்னிடம் மழையைப் பற்றிக் கூடப் பேசவில்லை.

நாற்பது நாளில் ஆராய்ச்சி முடிந்தது. அறுபதில் முப்பத்தொரு நத்தைகள் திரும்பியிருந்தன. ஆனால் கணக்கில் ஓர் ஒழுங்கு இல்லை. ரோட்டைத் தாண்டி விட்ட இருபத்தேழாம் நம்பர் நாலாம் நாளே வந்து அதே வாழையடியில் உட்கார்ந்திருந்தது. அஞ்சு மீட்டரில் விட்ட எட்டாம் நம்பர் வரவே இல்லை. அவள் அதையெல்லாம் அப்படியே எழுதி, "தட்டச்சு செஞ்சு அனுப்பிடுங்க சார்" என்று என்னிடம் கொடுத்தாள்.

இங்கேதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. முப்பத்தைந்து வருடம் செய்முறைத் தேர்வு நடத்தியவன் நான். ஊசல் எப்படி ஆடினாலும் புவியீர்ப்புக்கு விடை ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். வராவிட்டால் விடையிலிருந்து பின்னால் நடந்து அளவுகளைச் சரிசெய்வது எங்கள் ஆய்வகத்தின் பரம்பரை வழக்கம். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பிள்ளையின் எழுத்துப் பிழையைத் திருத்துகிற அதே பாசத்தோடு நத்தைகளைத் திருத்தினேன். பதினைந்து மீட்டருக்குள் விட்டவை எல்லாம் திரும்பின. அதற்கு மேல் விட்டவை ஒன்றும் திரும்பவில்லை. எட்டை வரவழைத்தேன். இருபத்தேழை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினேன். வரைபடம் ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது. மனநிறைவோடு கப்பல் தபாலில் போட்டேன்.

பதில் வந்தது. 'உயிருள்ள பிராணிகள் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டு நாங்கள் பார்த்ததில்லை. மூல நோட்டை அனுப்பவும்.' நான் விடுப்பில் இருந்த நாள் அது. கடிதத்தைப் பார்த்த நம்பர்வாலி, தன் வேலையில் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, மழையில் நனைந்த நோட்டை அன்றே அனுப்பிவிட்டாள். அடுத்த கடிதம் இரண்டே வரி. எண்கள் திருத்தப்பட்டுள்ளன. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பிரின்சிபால் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "யார் மாத்தினது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு என் வாய் சொல்லிற்று: "சின்னப் பொண்ணு சார். ஜெயிக்கணும்னு ஒரு அவசரம்."

அவள் அழவில்லை. மறுக்கவும் இல்லை. நானே சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். நான் காலண்டரில் தேதி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் மதில் பக்கமே வரவில்லை. புது நத்தைகள் வெறும் முதுகோடு திரிந்தன. பதினோராம் நாள் தாஸ் பாபு மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மாஸ்டர்ஜி, நம்பர்வாலி பீமார் ஹை கியா?" என்றார். அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். கையில் ஒரு நத்தை வைத்திருந்தார். எறியவும் மனமில்லை அவருக்கு. "நம்பர் நஹீ ஹை. நம்பர் இல்லாம இதை எங்கே வைக்கிறதுன்னே தெரியல" என்று அரைகுறைத் தமிழில் முடித்தார்.

அன்று உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒன்று, பிரின்சிபாலுக்கு ஒரு நகல். மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், திருத்தியது நான், பொய் சொன்னதும் நான் என்று மைக்கில் சொன்னேன். பின்வரிசைப் பையன்கள் கைதட்டினார்கள். எதற்கு என்று அடுத்த செய்முறைத் தேர்வில் புரிந்தது. புவியீர்ப்பு ஒருவனுக்கு ஏழு வந்தது, ஒருவனுக்குப் பதின்மூன்று. "வந்தது அதுதான் சார், திருத்தக் கூடாதுல்ல?" என்றார்கள்.

நிலையத்தின் பதில் மரியாதையாக இருந்தது. அவள் பெயர்மீது இருந்த குறிப்பை நீக்கி, நோட்டையும் தட்டச்சுப் பிரதியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு, விதிப்படி சேர முடியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னை மன்னிச்சிரும்மா."

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "முகாம் போச்சுல்ல சார்."

"போச்சும்மா."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, "மறுபடியும் செய்யணும். போன தடவை நானே விட்டேன், நானே தேடுனேன். அது தப்பு. எங்க இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சு போகுது. இந்த வாட்டி நீங்க எறியுங்க, நான் தேடுறேன். எழுதுறது பேனாவுல மட்டும். ரப்பர் எடுத்துட்டு வரக் கூடாது" என்றாள்.

அடுத்த மழைக்காலம் முழுவதும், ஓய்வு பெறப் போகிற முதுநிலை ஆசிரியர் விடிகாலையில் குடை பிடித்து நத்தை எறிந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் தாஸ் பாபு. இந்த முறையும் ஒழுங்கு வரவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன்.

முகாமின் கடிதம் இல்லாமல்தான் மெயின்லேண்ட் கல்லூரி நேர்முகத்துக்குப் போனாள். எதற்கு இரண்டு நோட்டு, ஒரு தட்டச்சுப் பிரதி என்று கேட்டார்களாம். "இது நான் செஞ்சது. இது சார் திருத்துனது. இது சார் எறிஞ்சது" என்றிருக்கிறாள். அவர்கள் சிரித்து முடிக்கவே நேரம் ஆயிற்றாம். விலங்கியலில் இடம் கிடைத்தது.

இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். நலமா என்று கேட்க மாட்டாள். "இன்னைக்கு மதில்ல எத்தனை சார்?" என்பாள். போன வாரம் முப்பது என்றேன்.

"முழுசா முப்பதா? நிஜமாவா சார்? நம்ப முடியலையே. லீவு போட்டு நானே வந்து எண்ணுறேன்."

மூன்று முறை எண்ணினேன். சரியாக முப்பதுதான். ஆனால் அதை நான் அவளிடம் சாதிக்கப் போகவில்லை.